பின்னால் வருபவரின் வேகம்

மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பும் நாளில் நோயாளியின் காதில் முதலில் விழும் அறிவுரை பெரும்பாலும் மருத்துவர் கூறியதாக இருப்பதில்லை. "பேசாமல் ஓரிடத்தில் உட்காருங்கள், எல்லாவற்றையும் நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்" என்று உறவினர் கூறுவதே அது. அன்பினால் வரும் சொல்தான். ஆயினும் அச்சொல் நாளடைவில் ஒரு மனிதரைச் சுமையாக மாற்றிவிடுகிறது. சுமப்பவரையும் நோயில் தள்ளுகிறது. இதுவே எங்கள் கருத்து. இக்கருத்தை எங்களுக்குத் தந்தது, கன்னியாகுமரியிலிருந்து ஜம்மு வரை நாங்கள் இருவரும் மிதிவண்டியில் சென்ற நெடும்பயணம்.

நாங்கள் கணவனும் மனைவியும். இருவரும் அறுபதை ஒட்டிய வயதினர். எங்களுள் ஒருவருக்கு மாரடைப்பு ஏற்பட்டு, இதயத்தின் இரத்தக் குழாய்களில் இரண்டு ஸ்டென்ட்கள் பொருத்தப்பட்டன. மற்றவர் துணையிருந்தவர். எவர் நோயாளி, எவர் துணை என்பதை இக்கட்டுரையில் வேண்டுமென்றே சொல்லாமல் விடுகிறோம். அதன் காரணம் போகப்போக விளங்கும்.

மருத்துவமனைப் படுக்கையிலிருந்து எழுந்து நேரே நெடுஞ்சாலைக்குச் சென்றோம் என்று எவரும் எண்ண வேண்டாம். இடையில் இருபது மாதங்கள் கழிந்தன. வார்டின் நடைபாதையில் இயன்முறை மருத்துவரின் கண்காணிப்பில் சில அடிகள். பின்னர் வீட்டு வாசலிலிருந்து தெருமுனை வரை. அதன்பின் நாள்தோறும் அரைமணி நேர நடை. டிரெட்மில் பரிசோதனையின் முடிவைக் கண்ட பிறகே மருத்துவர் மிதிவண்டிக்கு இசைந்தார். அப்போதும் சமதளச் சாலையில் இரண்டு கிலோமீட்டர்தான்.

நாடித்துடிப்பை எண்ணி உழைப்பின் அளவை அறியலாமா என்று கேட்டோம். இதயத்துடிப்பைக் குறைக்கும் பீட்டா பிளாக்கர் மாத்திரைகளை உட்கொள்வோருக்கு அந்த எண்ணிக்கை நம்பத்தக்க அளவுகோலாகாது என்று மருத்துவர் விளக்கினார். பேச்சே அளவுகோல் என்றார். பெடலை மிதித்துக்கொண்டே உடன் வருபவரிடம் ஒரு வாக்கியத்தை முழுமையாகச் சொல்ல முடிய வேண்டும். வாக்கியம் நடுவில் மூச்சுக்காக முறிந்தால், வேகம் மிகுந்துவிட்டது என்று பொருள். தனியாகச் செல்பவர் எவரிடம் பேசுவது? ஆகவே துணைக்கு ஒரு வேலை கிடைத்தது: உடன் செல்வது, பேச்சுக் கொடுப்பது, மறுமொழியைக் கவனிப்பது. அதுநாள்வரை மாத்திரை எடுத்துக் கொடுப்பதும் உப்பில்லாமல் சமைப்பதும் மட்டுமே துணையின் கடமைகளாக இருந்தன.

கன்னியாகுமரியிலிருந்து ஸ்ரீநகர் வரை வடக்கு நோக்கிச் செல்லும் 44ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையையே எங்கள் வழியாகக் கொண்டோம். நாங்கள் கணக்கிட்ட தொலைவு ஏறத்தாழ 3,700 கிலோமீட்டர். அதை மூன்று ஆண்டுகளின் குளிர்காலங்களுக்கு மூன்று பகுதிகளாகப் பிரித்தோம். முதற்பகுதி ஹைதராபாத் வரை. இரண்டாவது அங்கிருந்து ஜான்சி வரை. மூன்றாவது ஜான்சியிலிருந்து வடக்கே. ஒவ்வொரு பகுதி முடிந்ததும் மிதிவண்டிகளை ரயிலில் பார்சலாக ஏற்றிக்கொண்டு வீடு திரும்பினோம். நாளொன்றுக்கு 50 முதல் 60 கிலோமீட்டர். வெளிச்சம் வந்ததும் புறப்பட்டு, பதினொரு மணிக்குள் நிறுத்திவிடுவோம். ஒரே நாளில் நூறு கிலோமீட்டருக்கு மேல் செல்லும் இளைஞர்கள் எங்களைக் கடந்துபோவார்கள். நாங்கள் கையசைத்து வழிவிடுவோம்.

நாட்டின் நீளத்தை ஆறுகளைக் கொண்டே அளந்தோம். திருநெல்வேலியில் தாமிரபரணி, மதுரையில் வைகை, கரூரைத் தாண்டியதும் காவிரி, கர்நூலில் துங்கபத்திரை, அதன் வடக்கே கிருஷ்ணா, ஆதிலாபாத் செல்லும் வழியில் கோதாவரி, மத்தியப் பிரதேசத்தில் நர்மதை, தோல்பூருக்கு அருகே சம்பல், ஆக்ராவில் யமுனை, பஞ்சாபில் சட்லெஜும் பியாஸும், முடிவில் ஜம்முவின் தாவி. வார்டில் சொட்டு மருந்துப் பாட்டில்களைக் கொண்டு நேரத்தை அளந்த நாட்களை நினைத்துப் பார்க்கையில், ஆறுகளைக் கொண்டு அளப்பது எங்களுக்குப் பெரும் ஆறுதலாக இருந்தது.

இப்பயணத்தில் நாங்கள் கற்றவற்றுள் முதலாவது வேகம் பற்றியது. மார்கழி, தை மாதங்களில் தக்காணத்தின் வழியாக வடக்கே செல்பவருக்கு, வடகிழக்கிலிருந்து வரும் காற்று எதிர்த்து வீசும். முன்னால் செல்பவர் அக்காற்றைத் தாங்கிக்கொள்ள, நெருங்கிப் பின்தொடர்பவருக்கு உழைப்புக் குறையும். ஆதலால் வலிமை மிக்கவர் முன்னால் செல்வது முறை. இதில் ஓர் இடர் உண்டு. முன்னவர் தம் வலிமைக்கேற்ப மிதித்தால் இடைவெளி கூடும். காற்றுத் தடுப்பு பயனற்றுப்போகும். பின்னவர் எட்டிப்பிடிக்க முயன்று களைத்துப்போவார். முன்னவர் ஒரு மரநிழலில் நின்று காத்திருப்பார். பின்னவர் வந்து சேர்ந்ததும், "வந்தாயிற்று அல்லவா, புறப்படலாம்" என்பார். நின்றவருக்கு ஓய்வு கிடைத்திருக்கும். ஓய்வு எவருக்குத் தேவையோ அவருக்குக் கிடைத்திராது. பின்னவர் வந்த பிறகே ஓய்வு தொடங்க வேண்டும். புறப்படும் நேரத்தைச் சொல்ல வேண்டியவரும் அவரே. முன்னவரின் கைப்பிடியில் ஒரு சிறு கண்ணாடியைப் பொருத்திக்கொண்டோம். பின்னவரின் முகம் அதில் தெரியும் அளவுக்குத்தான் வேகம்.

மருத்துவமனைப் படிக்கட்டுகளிலும் கோயில் பிராகாரங்களிலும் திருமண மண்டபங்களிலும் இக்காட்சியை நாள்தோறும் காண்கிறோம். "மெதுவாக வாருங்கள்" என்று பரிவோடு சொல்லிவிட்டு, பத்தடி முன்னே நின்று காத்திருந்து, அவர் நெருங்கியவுடன் மீண்டும் நடக்கத் தொடங்கும் உறவினர்கள் பலர். அவர்கள் அன்பற்றவர்கள் அல்லர். தளர்ந்தவருக்கு ஓய்வு எப்போது தொடங்குகிறது என்பதைக் கவனிக்காதவர்கள், அவ்வளவே.

இரண்டாவது, சுமை பற்றியது. இருவருடைய உடைமைகளும் சேர்ந்து 18 கிலோ இருந்தன. நோயுற்றவரின் வண்டியில் ஒரு குண்டூசியும் வைக்கக் கூடாது என்று வீட்டார் வற்புறுத்தினர். நாங்கள் இசையவில்லை. நான்கு கிலோ அவர் பங்கு என்று மருத்துவரிடம் கேட்டு முடிவு செய்தோம். பஞ்சர் ஒட்டும் பொருட்கள், காற்றடிக்கும் பம்பு, தேநீர்ப் பாத்திரம், அவருடைய மருந்துப் பை ஆகியவை அந்த நான்கு கிலோவில் அடங்கின. மருந்துப் பையை அவரே சுமந்ததனால் விளைந்த நன்மை பெரிது. வீட்டில் இருந்தவரை, எந்த மாத்திரை எதற்கு என்று அவருக்குத் தெரியாது. கையில் வைத்ததை விழுங்கினார். சாலைக்கு வந்தபின், ஒவ்வொன்றின் பெயரும் அளவும் நேரமும் அவருக்கு மனப்பாடமாயின. தம் நோயைப் பற்றிய அறிவைத் துணையிடம் ஒப்படைத்துவிட்டு இருப்பவர், துணை ஒருநாள் இல்லாதபோது திகைத்துப்போவார்.

மூன்றாவது, ஓய்வு பற்றியது. ஐந்து நாட்கள் மிதித்தால் ஆறாம் நாள் ஓய்வு என்பதைப் புறப்படும் முன்பே அட்டவணையில் எழுதிவிட்டோம். களைத்தால் ஓய்வெடுக்கலாம் என்று இருந்தால், களைப்பை ஒப்புக்கொள்ள எவரும் முன்வருவதில்லை. தாகம் எடுக்குமுன் நீர் அருந்த வேண்டும், பசி எடுக்குமுன் உண்ண வேண்டும் என்பது நெடுந்தூர மிதிவண்டிப் பயணத்தில் பழம்பாடம். அதுபோலவே களைப்புக்கு முன்பே ஓய்வு. அந்த ஓய்வு நாளிலும் காலை உணவுக்குப் பின் மூன்று மணி நேரம் நாங்கள் தனித்தனியே இருந்தோம். ஒருவர் அறையில் படுத்திருப்பார். மற்றவர் கடைத்தெருவில் நடப்பார். இருபத்து நான்கு மணி நேரமும் ஒருவரையே கவனித்துக்கொண்டிருப்பவரின் கவனம் மழுங்கிப்போகும் என்பதை, வார்டின் பெஞ்சில் உறங்கிய எவரும் அறிவர். துணைக்குத் தனிமை தேவை. நோயாளிக்கும் தம்மை எவரும் உற்றுப் பார்க்காத சில மணி நேரம் தேவை.

இனி, எவர் நோயாளி என்பதைச் சொல்லாமல் விட்டதன் காரணத்தைக் கூறுகிறோம். இரண்டாம் பகுதியில் நாக்பூரைக் கடந்து பெஞ்ச் காட்டுப் பகுதி வழியாகச் சென்றோம். காட்டு விலங்குகள் அடியில் கடந்து செல்லும்படி அங்கே நெடுஞ்சாலையையே தூண்களின்மீது உயர்த்தியிருக்கிறார்கள். அக்காட்டைத் தாண்டிச் சிவனி என்னும் ஊரை அடைந்த அன்று, துணையாக வந்தவருக்குக் கடுங்காய்ச்சல் கண்டது. ஆறு நாட்கள் அங்கே ஒரு விடுதியில் தங்கினோம். ஸ்டென்ட் பொருத்தப்பட்டவர் தெரியாத மொழியில் மருத்துவரைத் தேடிக் கண்டுபிடித்தார், மருந்துக்கடைக்குச் சென்றார், விடுதிச் சமையற்காரரிடம் சைகையால் விளக்கிக் கஞ்சி வைத்து வாங்கினார், துணிகளை அலசினார், நள்ளிரவில் எழுந்து மற்றவரின் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். மாரடைப்புக்குப் பிந்தைய இரண்டரை ஆண்டுகளில், பிறருக்காக அவர் இரவில் எழுந்தது அதுவே முதல்முறை. காய்ச்சலில் கிடந்தவருக்கு நன்றாக நினைவிருப்பது ஒன்று: எழுந்து வந்தவரின் முகத்தில் களைப்பு இருந்தது, ஆனால் நோயாளியின் முகமாக அது இல்லை.

அந்த ஆறு நாட்களுக்குப் பிறகு எங்கள் வீட்டில் நோயாளி, துணை என்னும் பெயர்கள் நிலையாக எவருக்கும் உரியனவாக இல்லை.

இது எங்களுக்கு மட்டும் நேர்ந்ததன்று. எங்களுக்கு ஒரு நூற்றாண்டுக்கு முன்பே, இந்நாட்டின் தென்முனையிலிருந்து இமயம் நோக்கி மிதிவண்டியில் சென்ற ஒரு தம்பதியர் உண்டு. அமெரிக்கரான வில்லியம் ஹன்டர் வொர்க்மன் ஒரு மருத்துவர். உடல்நலம் குன்றியதால் தொழிலைக் கைவிட்டவர். அவர் மனைவி ஃபேனி புல்லக் வொர்க்மன் அவரைவிடப் பன்னிரண்டு வயது இளையவர். உடல் உறுதி மிக்கவர். 1897இல் ஆசியப் பயணத்தைத் தொடங்கியபோது கணவருக்கு வயது 50, மனைவிக்கு 38. தேநீர், சர்க்கரை, பிஸ்கோத்து, ஆளுக்கொரு கம்பளி, மருந்துப் பெட்டி, பழுதுபார்க்கும் கருவிகள் என்று அவர்கள் கொண்டுசென்றவை மிகச் சில. ஒரே நாளில் நாற்பது பஞ்சர் வரை ஒட்ட நேர்ந்ததுண்டு. வேறிடம் கிடைக்காதபோது ரயில் நிலையங்களின் காத்திருப்பு அறைகளில் உறங்கினர். உணவுக்கும் உதவிக்கும் வழியிருக்க வேண்டும் என்று இருப்புப்பாதையை ஒட்டிய பெருஞ்சாலைகளையே தேர்ந்தெடுத்தனர். 1904இல் இந்தியப் பயணத்தைப் பற்றிய நூலும் வெளியிட்டனர். இந்நாட்டு மக்களைப் பற்றி அவர்கள் கொண்டிருந்த பார்வையில் நமக்கு உடன்பாடில்லாதவை உண்டு. அதற்காக அவர்களை நாங்கள் போற்றவில்லை. எங்கள் மனத்தில் தங்கியது வேறொன்று. நலமின்றித் தொழிலை விட்ட கணவர் 90 வயது வரை வாழ்ந்து 1937இல் மறைந்தார். உறுதி மிக்கவராய் முன்சென்ற மனைவியோ நெடுங்காலம் நோயுற்றிருந்து 1925இல் அவருக்கு முன்பே மறைந்தார். இன்று முன்னே செல்பவர் என்றும் முன்னே செல்வார் என்பதற்கு உறுதி ஏதும் இல்லை. ஆதலால் பின்னவருக்கு இன்று நாம் தரும் இடம், நாளை நமக்கே தேவைப்படும் இடமாகும்.

எங்கள் பயணம் ஜம்முவில் முடிந்தது. ஏறத்தாழ 3,400 கிலோமீட்டர் கடந்திருந்தோம். அங்கிருந்து சாலை மலையேறுகிறது; சுமார் 300 மீட்டர் உயரத்திலிருந்து சில நாட்களில் 2,000 மீட்டர் உயரத்தை எட்ட வேண்டும். இரண்டு நாட்கள் தங்கிப் பேசினோம். பின்னால் வருபவர், "போதும்" என்றார். முன்னால் செல்பவர் ஏன் என்று கேட்கவில்லை. மிதிவண்டிகளை ரயிலில் ஏற்றினோம். "இவ்வளவு தூரம் சென்று காஷ்மீரைப் பார்க்காமலா வந்தீர்கள்?" என்று இன்றும் சிலர் கேட்கிறார்கள். அக்கேள்வியைக் கேட்போருக்கு வரைபடத்தின் முனை முக்கியம். எங்களுக்கு ஒருவர் சொல்லை மற்றவர் மதித்தது முக்கியம்.

இதே கேள்வியை வேறு வடிவில் எதிர்கொள்ளும் குடும்பங்கள் இவ்விதழின் வாசகர்களிடையே இருப்பார்கள். இன்னுமொரு சுற்றுச் சிகிச்சை வேண்டாம், வலியைத் தணிக்கும் மருத்துவம் போதும் என்று நோயாளியே தெளிந்த மனத்தோடு, மருத்துவரோடு கலந்து முடிவு செய்யும்போது, "கைவிட்டுவிட்டீர்களா?" என்று உறவும் சுற்றமும் கேட்பதுண்டு. அந்தச் சொல் எவ்வளவு ஆழமாகக் காயப்படுத்தும் என்பதைக் கேட்பவர் அறிவதில்லை. எங்கே நிறுத்துவது என்பதைப் பயணம் செய்பவரே சொல்லலாம். உடன் வருபவர் அதைத் தாங்கிக்கொள்ளலாம். சாலையோரத்தில் நிற்பவருக்கு அதில் தீர்ப்புச் சொல்ல இடமில்லை.

எங்கள் கருத்துக்கு மறுப்புகள் உண்டு. இதய நோயாளியை நெடுஞ்சாலையில் இறக்குவது பொறுப்பற்ற செயல் என்று கூறியவர்கள் பலர். அவர்களுடைய அச்சம் நியாயமானதே. இரத்தம் உறைவதைத் தடுக்கும் மாத்திரைகளை உட்கொள்வோருக்குச் சிறு காயத்திலும் குருதி எளிதில் நிற்காது. தலையில் அடிபட்டால் ஆபத்து மிகுதி. ஆகவே தலைக்கவசமும் கையுறையும் இன்றி ஒரு தெருவைக்கூட நாங்கள் கடந்ததில்லை. சில இரத்த அழுத்த மாத்திரைகளை உட்கொள்வோருக்கு வெயிலில் உடல் நீர் வற்றினால் தலைசுற்றல் வரும்; எனவேதான் பதினொரு மணிக்குள் நிறுத்தினோம். நோய் விவரச் சுருக்கம், பழைய ஈசிஜி நகல், மருத்துவர் எழுதித் தந்த நாவின் அடியில் வைக்கும் மாத்திரை ஆகியவை எப்போதும் சட்டைப் பையில் இருந்தன. நெஞ்சுவலியோ, தலைசுற்றலோ, வழக்கத்துக்கு மாறான மூச்சுத்திணறலோ தோன்றினால் அக்கணமே நிறுத்துவது, தயங்காமல் ஆம்புலன்சை அழைப்பது என்பதில் எங்களுக்குள் விவாதமே கிடையாது. ஆபத்து இல்லை என்று நாங்கள் கூறவில்லை. சாய்வு நாற்காலியிலும் ஆபத்து உண்டு. அது ஓசையின்றி வருவதால் எவரும் அதை ஆபத்து என்று சொல்வதில்லை.

மற்றொரு மறுப்பு இன்னும் வலுவானது. எல்லோராலும் மிதிவண்டி ஓட்ட இயலுமா? இயலாது. வாரத்தில் மூன்று நாட்கள் டயாலிசிஸ் செய்துகொள்வோருக்கும், பக்கவாதத்தால் ஒரு பக்கம் செயலிழந்தோருக்கும், கீமோதெரபியின் சோர்வில் இருப்போருக்கும் 3,400 கிலோமீட்டர் என்னும் எண்ணால் பயன் ஏதும் இல்லை. அவர்களை மிதிவண்டிக்கு அழைப்பதற்காக நாங்கள் இதை எழுதவில்லை. எவருக்கு எவ்வளவு இயக்கம் தகும் என்பதை அவரவர் மருத்துவரும் இயன்முறை மருத்துவருமே சொல்ல வேண்டும். கட்டிலிலிருந்து ஜன்னல் வரையிலான ஏழு அடியும் ஒரு பயணமே. அந்த ஏழு அடியிலும் வேகத்தை முடிவு செய்பவர் எவர், சுமையில் எவ்வளவு பங்கை அவரிடம் விட்டிருக்கிறோம், உடன் நிற்பவர் ஓய்வெடுத்தாரா என்னும் மூன்று கேள்விகளும் மாறாமல் எழும்.

ஆகவே குடும்பத்தாரிடம் நாங்கள் வேண்டுவன சில. வீடு திரும்பிய நோயாளியிடம், மருத்துவர் அனுமதிக்கும் அளவில், வாரம் ஒரு பொறுப்பையேனும் திரும்ப ஒப்படையுங்கள். பால் கணக்கு எழுதுவதாக இருக்கலாம். பேரக்குழந்தையின் பாடத்தைக் கேட்பதாக இருக்கலாம். கீரை ஆய்வதாக இருக்கலாம். அவர் அதை மெதுவாகச் செய்யும்போது கையிலிருந்து வாங்கிக்கொள்ளாதீர்கள். துணையிருப்பவருக்கு வாரத்தில் அரைநாளேனும் விடுப்புக் கொடுங்கள். அவர் கேட்கும்வரை காத்திராதீர்கள், அவர் கேட்கமாட்டார். அந்த அரைநாளில் வீட்டைப் பார்த்துக்கொள்ள அண்ணனோ அக்காவோ மகனோ மருமகளோ முன்வர வேண்டும். நலம் விசாரிக்கப் பழப்பையோடு வரும் உறவினர், பழத்துக்குப் பதிலாக அந்த அரைநாளைக் கொடுத்தால் அதைவிட நல்ல உதவி வேறில்லை.

நோயாளிகளிடமும் ஒரு வேண்டுகோள். உங்கள் வேகத்தை வாய்விட்டுச் சொல்லுங்கள். பிறருக்குத் தொல்லையாகும் என்று அஞ்சி, மூச்சு வாங்க எட்டிப்பிடிக்க முயலாதீர்கள். தொல்லையாகும் என்று அஞ்சி, இயன்றதையும் செய்யாமல் அமர்ந்துவிடாதீர்கள். உங்கள் மருந்துகளின் பெயர்களை நீங்களே எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த முறை பரிசோதனைக்கு வரும்போது, "நான் எவ்வளவு நடக்கலாம்?" என்னும் கேள்வியை உங்கள் வாயாலேயே மருத்துவரிடம் கேளுங்கள். உடன் வந்தவர் உங்களுக்காக அதைக் கேட்க வேண்டியதில்லை; அருகில் அமர்ந்து விடையைக் கேட்டுக்கொண்டால் போதும்.